டைரக்டரிகளின் கதை – 7: எழுதக் கூடாத வட்டு

சென்ற பகுதியில் பெல் ஆய்வகத்தில் நின்றோம். கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். கழற்றி மாற்றக்கூடிய ஒரு வட்டில் 2.5 மெகாபைட்தான் கொள்ளும். பயனர்களின் கோப்புகளுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த /யூஎஸ்ஆர் டைரக்டரிக்குள் சிஸ்டத்தின் நிரல்களும் மெல்லக் குடியேறின.

1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு வந்தது. எந்தக் கோப்பு எங்கே இருக்கும் என்று சொல்லும் 'ஹையர்' என்ற கையேட்டுப் பக்கமும் அதோடு வந்தது.

அந்தப் பக்கத்தை இன்று படித்தால் ஒன்று கண்ணில் படும். நிரல்கள் வாழும் /யூஎஸ்ஆர்/பின் டைரக்டரிக்குப் பக்கத்திலேயே, அச்சுக்குக் காத்திருக்கும் கோப்புகளுக்கு /யூஎஸ்ஆர்/ஸ்பூல். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்ற பதிவுகளுக்கு /யூஎஸ்ஆர்/ஏடிஎம். தற்காலிகக் கோப்புகளுக்கு /யூஎஸ்ஆர்/டெம்ப். ஒருமுறை வைத்தால் மாதக்கணக்கில் மாறாத நிரலும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தரவும் ஒரே மரத்தின் கிளைகளில் இருந்தன.

அதில் யாரும் குறை காணவில்லை. ஒரு கணினி, அதன் வட்டுகள், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறு குழு. எல்லாம் ஒரே அறையில் இருக்கும்போது எதை எங்கே வைத்தால் என்ன?

அடுத்த பத்தாண்டுக்குள் அந்த அறை உடைந்தது.

வட்டே இல்லாத கணினி

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1982இல் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்டது. ஆளுக்கொரு கணினி, அதில் யூனிக்ஸ், எல்லாவற்றையும் இணைக்கும் ஈதர்நெட். இதுதான் அவர்கள் விற்ற கனவு. அந்தக் கனவுக்குக் குறுக்கே நின்றது ஹார்ட் டிஸ்கின் விலை.

ஆகவே வட்டே இல்லாத கணினிகளைச் சன் விற்றது. சன்-3/50 அவற்றில் பெயர்பெற்றது. 4 மெகாபைட் நினைவகம், பெரிய திரை, ஒரு கேபிள். இயங்கத் தேவையான ஒவ்வொரு கோப்பும் அந்தக் கேபிள் வழியே வேறெங்கோ இருக்கும் சர்வரிலிருந்து வரவேண்டும். அதற்காக அவர்கள் உருவாக்கிய என்எஃப்எஸ் 1985இல் வெளியுலகுக்கு வந்தது.

இப்போது ஒரு சர்வருடன் இருபது கணினிகள் இணைந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருபதுக்கும் தனித்தனியே /யூஎஸ்ஆர் வைத்தால் ஒரே நிரல்களின் இருபது பிரதிகள் சர்வரின் வட்டில் கிடக்கும். வட்டு விலையை மிச்சப்படுத்தத்தானே இந்த ஏற்பாடே? ஆகவே /யூஎஸ்ஆர் ஒன்றே ஒன்று. அதையே எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

பகிர்ந்தவுடன் பழைய பழக்கம் பல்லிளித்தது.

முதல் கணினி அச்சுக்கு அனுப்பிய கோப்பும் ஏழாவது கணினி அனுப்பிய கோப்பும் ஒரே /யூஎஸ்ஆர்/ஸ்பூலில் வந்து விழும். இருபது கணினிகளின் உள்நுழைவுப் பதிவுகளும் ஒரே கோப்பில் ஒன்றின் மேல் ஒன்று எழுதப் போட்டியிடும். இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. பகிர்ந்த டைரக்டரியில் எழுதும் அனுமதி இருந்தால், ஒரு மேசையில் நடக்கும் தவறு இருபது மேசைகளின் நிரல்களையும் கெடுத்துவிடும்.

இருபதுக்கும் /யூஎஸ்ஆரைப் படிக்க மட்டும் தருவதுதான் பாதுகாப்பு.

ஆனால் படிக்க மட்டும் தந்தால் அச்சு வரிசை எங்கே எழுதும்? அஞ்சல் எங்கே வந்து சேரும்?

ஊருக்குக் கிணறு, வீட்டுக்குக் குடம்

முதலில் ஒட்டுப்போட்டுச் சமாளித்தார்கள். பெர்க்லியின் யூனிக்ஸ் வகையான, 1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி, சிம்பாலிக் லிங்க் என்ற வசதியைத் தந்திருந்தது. ஒரு பாதையைத் திறந்தால் அது சத்தமில்லாமல் இன்னொரு பாதைக்கு அழைத்துப் போகும். அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கணினிக்கும் சொந்தமான /பிரைவேட் டைரக்டரிக்கு எழுதும் கோப்புகளைத் திருப்பிவிட்டார்கள். நெக்ஸ்ட் நிறுவனத்தின் சிஸ்டத்திலும் இதே பெயரில் ஒரு டைரக்டரி இருந்தது. அந்தச் சிஸ்டத்தின் வழிவந்த இன்றைய மேக் கணினியில் /வார் என்று தட்டினால் அது /பிரைவேட்/வார் என்ற இடத்துக்குத்தான் போகிறது.

ஒட்டுகள் பெருகின. எந்தக் கோப்பு பொது, எந்தக் கோப்பு தனி என்பதை ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. புதிதாக ஒரு நிரல் வந்தால் அதற்கும் ஒரு லிங்க்.

1988இல் சன்ஓஎஸ் 4.0 வந்தது. இந்தத் தொடரில் நான் நின்று நிதானமாகப் பார்க்க விரும்பும் தருணங்களில் இது ஒன்று.

சன் பொறியாளர்கள் ஒட்டுப்போடுவதை நிறுத்திவிட்டுக் கோட்டையே மாற்றி வரைந்தார்கள். /யூஎஸ்ஆர் என்றால் இனி மாறாதவை மட்டும். மாறுபவை அனைத்துக்கும் மேல்மட்டத்திலேயே ஒரு புது டைரக்டரி: /வார். ஊருக்குப் பொதுவான கிணறு ஒன்று, அவரவர் வீட்டில் அவரவர் குடம். கிணற்றுக்குள் யாரும் எதையும் போடக் கூடாது. குடத்தை யாரும் கடன் கேட்கப் போவதில்லை.

சர்வரில் ஒவ்வொரு வட்டில்லாக் கணினிக்கும் /எக்ஸ்போர்ட்/ரூட்டின் கீழ் சிறிய தனி மரம் ஒன்று. அதற்குள் அந்தக் கணினியின் அமைப்புக் கோப்புகள் வாழும் /இடிசி, அந்தக் கணினியின் /வார். பெரிய /யூஎஸ்ஆர் மட்டும் எல்லாருக்கும் பொது.

பழைய பாதைகளையும் அவர்கள் கைவிடவில்லை. /யூஎஸ்ஆர்/ஸ்பூல் என்ற பெயர் /வார்/ஸ்பூலைச் சுட்டும் லிங்காக நீடித்தது. /யூஎஸ்ஆர்/ஏடிஎம், /யூஎஸ்ஆர்/டெம்ப் இரண்டுக்கும் அதே ஏற்பாடு. பழைய பாதையை உள்ளே எழுதி வைத்திருந்த நிரல்கள் எதுவும் அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய மாற்றம் நிலைப்பதற்கு இப்படிப்பட்ட பொறுமையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த மாற்றத்தில் கேள்வியே மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். எழுபதுகளில், எந்த வட்டில் இடம் இருக்கிறது என்று கேட்டார்கள். 1988இல், கணினி ஓடும்போது இந்தக் கோப்பு மாறுமா என்று கேட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் கணினிக்குக் கணினி வேறு. இரண்டாவதற்கு, கோப்பைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

1990இல் பெர்க்லியின் 4.3பிஎஸ்டி-ரினோவும் /வார் அமைப்பை ஏற்றது. ஏடி அண்ட் டி-யின் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீடும் ஏற்றது. இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

ஃபின்லாந்தில் ஒரு மாணவர் அதைத் திரும்பத் தொடங்கிவைத்தார்.

1993 ஆகஸ்ட்

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்டது லினக்ஸ் என்ற கெர்னலை மட்டும்தான். எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்று கெர்னல் சொல்லாது. அதைச் சுற்றி நிரல்களைச் சேர்த்துக் கட்டி, ஃப்ளாப்பிகளில் நிரப்பித் தந்தவர்கள்தான் அதைத் தீர்மானித்தார்கள். 1992இல் எஸ்எல்எஸ். 1993 ஜூலையில் பாட்ரிக் வோல்கர்டிங்கின் ஸ்லாக்வேர். அடுத்த மாதமே இயன் மர்டாக் அறிவித்த டெபியன்.

ஒரு தொகுப்பில் அஞ்சல் பெட்டி பழைய /யூஎஸ்ஆர்/ஸ்பூலில் இருக்கும். இன்னொன்றில் /வாரில் இருக்கும். ஒன்றுக்காகக் கம்பைல் செய்த அஞ்சல் நிரல் மற்றதில் ஓடும்; ஆனால் அஞ்சலே வரவில்லை என்று சொல்லும். பிழைச் செய்தி கிடையாது. காலிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு நிரல் அமைதியாக இருக்கும். பிழையென்று கத்தும் நிரலைத் திருத்துவது எளிது. இப்படி அமைதியாகத் தவறும் நிரலைக் கண்டுபிடிப்பதே பாடு.

இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கடி வந்தது. இக்ட்ராசில் என்ற தொகுப்பு சிடி-ராமிலிருந்தே லினக்ஸை ஓட்டிக் காட்டியது. ஹார்ட் டிஸ்கில் இடம் போதாதவர்களுக்கு /யூஎஸ்ஆர் முழுவதும் சிடியிலேயே இருக்கலாம். சன் ஒரு கொள்கையாக வகுத்ததைச் சிடி இயற்கை விதியாகவே ஆக்கிவிட்டது. அதில் எழுத முடியாது. /யூஎஸ்ஆருக்குள் எழுத முயலும் எந்த நிரலும் அங்கே செத்தது.

1993 ஆகஸ்டில் லினக்ஸின் கோப்பு அமைப்பைச் சீர்படுத்தும் முயற்சி தொடங்கியது. அதை ஒருங்கிணைத்தவர் டேனியல் க்வின்லன். யாரும் யாருக்கும் சம்பளம் தரவில்லை. எந்தத் தொகுப்பையும் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதில் சேர்ந்தவர்களுக்கு இல்லை. 1994 பிப்ரவரி 14 அன்று ஃபைல்சிஸ்டம் ஸ்டாண்டர்டின் முதல் பதிப்பு வெளியானது. அதே ஆண்டு அக்டோபரில் ஒரு திருத்தம், 1995 மார்ச்சில் இன்னொன்று.

அந்த ஆவணங்களின் வழியே உருவான சிந்தனை இரண்டே கேள்விகளில் அடங்கும். இந்தக் கோப்பை வேறு கணினியோடு பகிரலாமா? நிர்வாகி கை வைக்காமலே இந்தக் கோப்பு மாறுமா?

இரண்டையும் குறுக்கே வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். பகிரலாம், மாறாது: /யூஎஸ்ஆர். பகிரக் கூடாது, மாறாது: /இடிசி. பகிரலாம், மாறும்: அஞ்சல் பெட்டி. பகிரக் கூடாது, மாறும்: ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் வைக்கும் பூட்டுக் கோப்புகள். சன் தன் வட்டில்லாக் கணினிகளுக்காகக் கண்டது, இங்கே எந்தக் கணினிக்கும் பொருந்தும் அட்டவணையாக ஆனது.

அந்தக் குழுவினர் ஏழைக் கணினிகளையும் மறக்கவில்லை. /வாருக்கெனத் தனிப் பகுதி ஒதுக்க முடியாதவர், அது ரூட் பகுதியில் நிரம்பி வழியாமலிருக்க /யூஎஸ்ஆர் இருக்கும் பகுதிக்கு நகர்த்தலாம். ஆனால் /யூஎஸ்ஆரோடு கலந்துவிடக் கூடாது. /யூஎஸ்ஆர்/வார் என்று தனி டைரக்டரியாகவே வைக்க வேண்டும். இன்று சேர்ந்திருந்தாலும் நாளை சிக்கலில்லாமல் பிரிக்க முடிய வேண்டும் என்ற கவனம் அதில் இருக்கிறது.

பேக்கேஜ் கட்டுபவரின் மேசை

இதுவரை டைரக்டரியின் பக்கமிருந்து பார்த்தோம். இனி மென்பொருளின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். ஏனெனில் எந்தக் கோப்பு எங்கே என்ற முடிவை ஒவ்வொரு நாளும் எடுப்பவர் தரநிலை எழுதியவர் அல்ல. ஒரு மென்பொருளைப் பேக்கேஜாகக் கட்டித் தருபவர்தான் எடுக்கிறார்.

மென்பொருளை எழுதியவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மூல நிரலை எடுத்துக் கம்பைல் செய்தால் எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கலுக்குள் போகும். ஆட்டோகான்ஃப் கருவியில், மாறும் தரவுக்கான இடத்தைக் குறிக்கும் தெரிவின் பெயர் லோக்கல்ஸ்டேட்டிர். யாரும் எதுவும் சொல்லாவிட்டால் அது /யூஎஸ்ஆர்/லோக்கல்/வார். தன் கையால் நிறுவிக்கொள்பவருக்கு இது சரியான ஏற்பாடுதான். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வேண்டாமென்றால் மொத்தமாக அழித்துவிடலாம்.

பேக்கேஜ் கட்டுபவருக்கு இது ஒத்துவராது. /யூஎஸ்ஆர்/லோக்கல் அந்தக் கணினியின் நிர்வாகிக்குச் சொந்தம். அதற்குள் பேக்கேஜ் நுழையக் கூடாது. ஆகவே அவர் கட்டும்போது அந்தத் தெரிவை வெறும் /வார் என்று மாற்றுகிறார். ஒரே ஒரு வரிதான். ஆனால் அதன் விளைவு நீளமானது.

மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தைப் பாருங்கள். அந்நாளில் மூல நிரலிலிருந்து கட்டினால் தரவு /யூஎஸ்ஆர்/லோக்கல்/வாரில் இருக்கும். அதை உருவாக்கியவர்களே தரும் தயார்த் தொகுப்பை விரித்தால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/மைஎஸ்க்யூஎல்/டேட்டாவில் இருக்கும். பேக்கேஜாக நிறுவினால் /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல். மென்பொருள் ஒன்றே. தரவு வாழும் இடம் மூன்று. தினமும் இரவில் நகலெடுக்கும் நிரல் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், வட்டு கெட்டுப்போகும் நாளில்தான் அது தெரியவரும்.

இடம் மட்டும் அல்ல பிரச்சினை. பேக்கேஜ் மேலாண்மை நிரல், தான் நிறுவிய ஒவ்வொரு கோப்பையும் கணக்கில் வைக்கிறது. ரெட் ஹேட் என்ற லினக்ஸ் தொகுப்பின் மேலாண்மை நிரலான ஆர்பிஎம், கோப்பின் அளவையும் சரிபார்ப்பு எண்ணையும் குறித்துவைத்துக்கொண்டு, பின்னால் கேட்டால் எது மாறியிருக்கிறது என்று சொல்லும். புதுப் பதிப்பு வந்தால் பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும். நிரல் கோப்புகளுக்கு இது வரம்.

அதே விதியைத் தரவுக் கோப்புக்கும் போட்டுப் பாருங்கள். காலியான ஒரு தரவுத்தளக் கோப்பைப் பேக்கேஜுக்குள் வைத்து அனுப்புகிறீர்கள். பயனர் ஓராண்டு அதில் கணக்கு எழுதுகிறார். அடுத்த பதிப்பு வருகிறது. மேலாண்மை நிரல் தன் கடமையைச் செய்தால், ஓராண்டுக் கணக்கின் மேல் காலிக் கோப்பு வந்து உட்காரும்.

ஆகவே கட்டுபவர்கள் ஒரு நுட்பமான வழக்கத்துக்கு வந்தார்கள். பேக்கேஜ் காலி டைரக்டரியை மட்டும் கொண்டுவரும். யாருக்குச் சொந்தம், யார் எழுதலாம் என்பதை அதில் பொறித்திருக்கும். நிறுவிய பிறகு ஓடும் ஸ்கிரிப்டோ, முதல்முறை ஓடும் நிரலோதான் தரவுக் கோப்புகளை உருவாக்கும். அந்தக் கோப்புகளின் பெயர் பேக்கேஜின் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இல்லாததைப் புதுப்பித்தல் தொடாது.

இந்த வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தான் ஒருபோதும் பார்க்கப் போகாத கணினியில், முன்பின் தெரியாத ஒருவரின் உழைப்பைத் தன் பேக்கேஜ் அழித்துவிடக் கூடாது என்று யோசித்தவர்கள் செய்த வேலை இது.

மூன்று ஆண்டு வாழ்ந்த பெயர்

1995இல் தரநிலை எழுதும் முயற்சியில் பிஎஸ்டி உலகைச் சேர்ந்தவர்களும் இணைந்தார்கள். லினக்ஸுக்கு மட்டுமான ஆவணம் எல்லா யூனிக்ஸ் வகைகளுக்குமானதாக விரிந்தது. 1997 அக்டோபர் 26 அன்று ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்ட் 2.0 என்ற பெயரில் அது வெளியானது.

அதில் வந்த புது டைரக்டரிகளில் இரண்டைப் பாருங்கள். இரண்டின் விதியும் இரண்டு விதம்.

முதலாவது /வார்/கேச். அழித்தாலும் மறுபடி உருவாக்கிக்கொள்ளக் கூடிய தரவு இங்கே இருக்கும். வட்டு நிரம்பினால் நிர்வாகி பயமின்றிக் காலி செய்யலாம். இது நிலைத்துவிட்டது. அதற்கு முன் இல்லாத ஒரு வேறுபாட்டை அது காட்டியது. மாறும் தரவிலும் போனால் போகட்டும் என்பது ஒன்று. போனால் போச்சு என்பது ஒன்று.

இரண்டாவது /வார்/ஸ்டேட். அழித்தால் திரும்பக் கிடைக்காத தரவுக்கு, அதாவது நிரலின் நினைவுக்கு, இந்த இடம். அதுவரை அப்படிப்பட்டவை /வார்/லிப்பில் இருந்தன. லைப்ரரிகளுக்கும் அந்தத் தரவுக்கும் தொடர்பே இல்லை என்பதால் புதிய பெயர் எல்லா வகையிலும் மேலானது. யார் படித்தாலும் உடனே புரியும்.

ஆனால் வட்டுகளில் என்ன இருந்தது? டெபியனின் மேலாண்மை நிரல், எந்தெந்தப் பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறது என்ற மொத்தக் கணக்கையும் /வார்/லிப்/டிபிகேஜியில் வைத்திருந்தது. ரெட் ஹேட்டின் கணக்கு /வார்/லிப்/ஆர்பிஎம்மில் இருந்தது. தரவுத்தளங்களும் அங்கேதான்.

நிரலை இடம் மாற்றுவது எளிது. புதுப் பதிப்பில் புது இடத்தில் வைத்துப் பழையதை நீக்கிவிடலாம். தரவை அப்படி மாற்ற முடியாது. அது ஏற்கெனவே லட்சக்கணக்கான வட்டுகளில், வெவ்வேறு அளவுகளில், சில இடங்களில் தனிப் பகுதியாகவே பிரிக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறது. நகர்த்தும் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றால்? புதிய பகுதியில் இடம் போதாவிட்டால்? அதிலும் பேக்கேஜ்களின் கணக்கையே நகர்த்தும்போது ஏதாவது தவறினால், தன்னிடம் என்ன இருக்கிறது என்பதே அந்தக் கணினிக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்போது டெபியனில் புதிதாக வந்த ஏபிடி நிரல் தரநிலையை நம்பித் தன் பட்டியல்களை /வார்/ஸ்டேட்/ஏபிடியில் வைத்தது. பழைய நிரல்கள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒரே கணினியில் ஒரே வகைத் தரவு இரண்டு இடங்களில்.

2000ஆம் ஆண்டில் தரநிலையின் 2.1 பதிப்பு வந்தது. /வார்/ஸ்டேட் அதில் இல்லை. /வார்/லிப் திரும்பி வந்திருந்தது. ஏபிடியும் பின்னர் /வார்/லிப்/ஏபிடிக்கு இடம்பெயர்ந்தது.

நல்ல பெயர் தோற்றது என்று இதைச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சும்மா /வார்/லிப்பில் கோப்புகளைப் போட்டுவைப்பதையும் தரநிலை இதோடு முடிவுக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு நிரலும் அங்கே தனக்கென ஒரு உள் டைரக்டரி வைத்துக்கொண்டே ஆக வேண்டும். நிர்வாகி அமைப்புகளை மாற்றுவதற்காக அங்கே கைவைக்க வேண்டிய தேவையே இருக்கக் கூடாது. அதற்கு /இடிசி இருக்கிறது. பெயரில் விட்டுக்கொடுத்து எல்லையில் உறுதியாக நின்றார்கள். பேக்கேஜ் கட்டுபவர்களுக்கு வேண்டியிருந்தது எல்லைதான்.

(ஆர்பிஎம்மின் கணக்கு பிற்பாடு மெய்யாகவே அங்கிருந்து கிளம்பியது. 2022இல் ஃபெடோரா 36 அதை /யூஎஸ்ஆரின் கீழேயே கொண்டுபோய் வைத்தது. /வாரிலிருந்து /யூஎஸ்ஆருக்கா என்று திகைப்பவர்களுக்கு அதற்கான காரணத்தை வேறொரு பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.)

கையால் எழுதிய பக்கங்கள்

2.1 பதிப்பு வந்த அதே 2000இல் ரெட் ஹேட் லினக்ஸ் 7.0 வெளியானது. அதில் சின்னதாகத் தோன்றும் மாற்றம் ஒன்று இருந்தது. அதுவரை அப்பாச்சி வெப் சர்வர் தரும் வலைப்பக்கங்கள் /ஹோம்/ஹெச்டிடிபிடியின் கீழ் இருந்தன. இனி அவை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூவில்.

/ஹோம் மனிதர்களுக்கான இடம், ஒரு பேக்கேஜ் அங்கே குடியேறுவது முறையில்லை என்ற வாதம் நியாயமானது. ஆனால் புது இடமும் தரநிலையில் சொல்லப்படாத இடம். அதைவிட முக்கியமாக, அந்த நான்கு கட்டங்களில் இந்தப் பக்கங்கள் எதில் சேரும்?

நிர்வாகி கை வைக்காமல் மாறுபவைதான் /வாருக்கு உரியவை. வலைப்பக்கமோ ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதியது. அவர் தொடாவிட்டால் அது மாறாது. அது நிரல் அல்ல. ஆகவே /யூஎஸ்ஆருக்குப் போகாது. அமைப்புக் கோப்பும் அல்ல, /இடிசிக்கும் போகாது. நிரலின் நினைவும் அல்ல; /வார்/லிப்புக்கும் பொருந்தாது.

தரவுத்தளக் கோப்பைக்கூட மைஎஸ்க்யூஎல்தான் உருவாக்கியது என்று சொல்லலாம். இந்தப் பக்கங்களை அப்பாச்சி உருவாக்கவில்லை. எடுத்துத் தருகிறது, அவ்வளவுதான். நாளை அப்பாச்சியை நீக்கிவிட்டு வேறு சர்வரை நிறுவினாலும் பக்கங்கள் அதேபோல் இருக்க வேண்டும். அப்படியென்றால் அவற்றின் இருப்பிடத்தைத் தீர்மானிக்க ஒரு பேக்கேஜுக்கு என்ன உரிமை? உரிமை இல்லையென்றால், நிறுவிய மறுநிமிடமே இயங்கத் தொடங்கவேண்டிய சர்வர் தன் முதல் பக்கத்தை எங்கே தேடும்?

2004 ஜனவரியில் தரநிலையின் 2.3 பதிப்பு இதற்கென்றே மேல்மட்டத்தில் ஒரு புது டைரக்டரியைத் திறந்தது. அதன் பெயர் /எஸ்ஆர்வி. திறந்த கையோடு, எந்த நிரலும் அதன் உள்ளமைப்பை நம்பி இயங்கக் கூடாது என்றும் எழுதி வைத்தது.

எந்த நிரலும் நம்பக் கூடாத ஒரு டைரக்டரியைப் பேக்கேஜ் கட்டுபவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

(தொடரும்)